இரண்டும் நல்லவை, சேர்ந்தால் தகராறு
பழைய வீட்டுக் கணினியைக் கொண்டு பழுதறியக் கற்பித்தல்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் கணினியின் பாகங்களும் வன்பொருள், மென்பொருள் பற்றிய செய்திகளும் பாடமாக உள்ளன. மாணவர்கள் பெயர்களை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். படத்தில் பாகங்களைக் குறித்தும் காட்டிவிடுகிறார்கள். ஆனால் கண்முன் ஒரு கணினி ஓடாமல் நின்றால், "ஏதோ ஒரு பார்ட் போயிருச்சு டீச்சர்" என்ற ஒரே விடைதான் வருகிறது.

அது அவர்கள் பெரியவர்களிடமிருந்து கற்ற விடை. பழுது என்றால் ஒரு பொருள் கெட்டுவிட்டது, அதைக் கழற்றிப் புதிது போட வேண்டும் என்றே நாமும் நினைக்கிறோம். உண்மையில் பல பழுதுகளில் எந்தப் பொருளும் கெட்டிருக்காது. நல்ல நிலையில் உள்ள இரண்டு பொருள்கள் ஒரே இடத்துக்கு உரிமை கோரும். தனித்தனியே சோதித்தால் இரண்டும் தேறும், சேர்த்து வைத்தால் இரண்டும் தவறும். இப்படிப்பட்ட பழுதை மாணவர்கள் ஒருமுறையாவது தாங்களே கண்டுபிடித்தால், மின்சுற்று முதல் வேதிவினை வரை எந்தச் சோதனையையும் அவர்கள் அணுகும் முறை மாறும். அதற்கு நான் பயன்படுத்திய கருவி, நெட்வொர்க் கார்டு தகராறு செய்த ஒரு பழைய வீட்டுக் கணினி.

ஏன் பழைய கணினி?

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் உள்ள கணினிகள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. அவற்றை மாணவர்கள் திறந்து பார்க்க முடியாது, திறக்கவும் கூடாது. இந்தச் சூழ்நிலையில் கோம்பையில் உள்ள முன்னாள் மாணவர் ஒருவரின் குடும்பத்தார், பரணில் கிடந்த கணினியைப் பள்ளிக்குத் தர முன்வந்தார்கள். பெண்டியம் 2 செயலியும் விண்டோஸ் 98 இயங்குதளமும் கொண்ட கணினி அது. தொலைபேசி வழியாக இணையத்தில் சேர்வதற்கான மோடம் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, நன்கொடையாகப் பதிவேட்டில் எழுதிய பிறகே வகுப்புக்குக் கொண்டுவந்தோம்.

இப்படி ஒரு கணினியை வகுப்பில் திறப்பதற்கு முன் சில ஏற்பாடுகள் கட்டாயம் தேவை. மின்செருகியை முழுமையாகக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கார்டைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிவிட வேண்டும். மின்வழங்கிப் பெட்டியையும் பழைய குழாய் வகைத் திரையையும் யாரும், எப்போதும் திறக்கக் கூடாது. மின்செருகியைக் கழற்றிய பின்னும் அவற்றினுள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலத்தையும் முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. பல ஆண்டுகள் கிடந்த கணினியில் அது தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதியும் அமைப்புகளும் அழிந்துபோனால், இன்று சரி செய்தது நாளை மறுபடியும் பழுதாகத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடு நின்றுவிட்டன. எனவே இந்தக் கணினியை இணையத்திலோ பள்ளியின் வலையமைப்பிலோ சேர்க்கக் கூடாது. ஒரு சிறிய சுவிட்ச் வழியாக என் சொந்த மடிக்கணினியுடன் மட்டும் இணைப்பது என்று முடிவு செய்தோம்.

பழுது தோன்றிய விதம்

இரண்டு கணினிகளையும் இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பு அனுப்ப வேண்டும். இதுவே மாணவர்களுக்குத் தந்த வேலை. பழைய கணினியில் நெட்வொர்க் கார்டு இல்லை. அந்தக் காலத்து ஐஎஸ்ஏ செருகுவாயில் பொருந்தும் என்இ2000 வகைக் கார்டு ஒன்று கிடைத்தது. அதைப் பொருத்தி, கணினியை இயக்கி, அதற்குரிய மென்பொருளையும் நிறுவினோம். டிவைஸ் மேனேஜர் பட்டியலில் கார்டின் பெயர் வந்தது. ஆனால் அதன்மேல் மஞ்சள் நிற வியப்புக்குறியும் வந்தது. மடிக்கணினியிலிருந்து பிங் கட்டளை கொடுத்தால் பதில் இல்லை.

"கார்டு போச்சு" என்றது ஒரு குழு. "ஒயர் சரியில்லை" என்றது மற்றொரு குழு. "வேறு செருகுவாயில் போட்டுப் பார்க்கலாம்" என்றது மூன்றாவது குழு. நான் எதையும் மறுக்கவில்லை. கரும்பலகையில் நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை வரைந்தேன்: எதை மாற்றுகிறோம், என்ன நடக்கும் என எதிர்பார்க்கிறோம், என்ன நடந்தது, இதனால் எதை விலக்கலாம். விதி ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு முன்பே எதிர்பார்ப்பை எழுதிவிட வேண்டும்.

கேபிளை மாற்றினார்கள், பலன் இல்லை. கார்டின் பின்புறமும் சுவிட்சிலும் இணைப்பு விளக்குகள் எரிந்தன. எனவே கேபிளின் மீதான சந்தேகம் விலகியது. கார்டை வேறு ஐஎஸ்ஏ செருகுவாய்க்கு மாற்றினார்கள், அதிலும் பலன் இல்லை. எல்லா ஐஎஸ்ஏ வாய்களும் ஒரே கம்பிகளையே பகிர்ந்துகொள்வதால் இடம் மாற்றுவதில் பொருள் இல்லை என்பதை அப்போது விளக்கினேன். பின்னர் வந்த பிசிஐ வாய்களில் இடம் மாற்றினால் எண்ணும் மாறக்கூடும். ஐஎஸ்ஏ-யில் அப்படி இல்லை.

அடுத்து, ஒரு குழுவினர் பிங் கட்டளையில் 127.0.0.1 என்று கொடுத்தார்கள். பதில் வந்தது. "கார்டு வேலை செய்யுது டீச்சர்!" என்று மகிழ்ந்தார்கள். இது ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய இடம். 127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி. அந்த அழைப்பு கார்டு வரை போவதே இல்லை. பதில் வந்தால் வலையமைப்பு மென்பொருள் சரி என்று மட்டும் தெரியும், கார்டைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு சோதனை எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்று கேட்கும் பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

நான்கு சோதனைகள், ஒரு கேள்வி

டிவைஸ் மேனேஜரில் இன்னும் எந்தப் பொருள்கள் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். மோடத்தின் பெயரைக் கண்டார்கள். அதையும் சேர்த்துச் சோதிக்க முடிவானது. தொலைபேசி இணைப்பு இல்லாவிட்டாலும், விண்டோஸ் 98-இன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் மோடத்திடம் வினவிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் வசதி உண்டு. நான்கு நிலைகளைப் பட்டியலிட்டோம்.

1. மோடமும் கார்டும் இல்லை: கணினி இயல்பாக இயங்கியது.
2. மோடம் மட்டும்: மோடம் பதில் தந்தது.
3. கார்டு மட்டும்: வியப்புக்குறி மறைந்தது, மடிக்கணினியின் பிங் கட்டளைக்குப் பதில் வந்தது.
4. இரண்டும்: வியப்புக்குறி திரும்பியது, பிங் கட்டளைக்குப் பதில் இல்லை.

ஒவ்வொரு நிலைக்கும் கணினியை அணைத்து, செருகியைக் கழற்றி, மூடியைத் திறந்து, மீண்டும் இயக்க வேண்டியிருந்ததால் இரண்டு பாடவேளைகள் ஆயின. அட்டவணை நிரம்பியதும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மோடத்த எடுத்தா கார்டு ஓடுது, கார்ட எடுத்தா மோடம் ஓடுது. அப்ப ரெண்டுமே நல்லாத்தான இருக்கு டீச்சர்? புதுக் கார்டு வாங்கினா மட்டும் எப்படி ஓடும்?"

இந்தப் பாடத்தில் மாணவர்கள் அடைய வேண்டிய இடம் இந்தக் கேள்விதான். அந்த வகையில் புதுக் கார்டு வாங்கினாலும் அதுவும் தயாரிக்கப்பட்டபோது தரப்பட்ட அதே எண்ணோடுதான் வரும். பணம் செலவாகும், பழுது அப்படியே இருக்கும்.

மோதியது எது?

விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால், "என்னைக் கவனி" என்று செயலிக்கு ஒரு குறிப்பு போக வேண்டும். அந்தக் குறிப்பு செல்லும் கோட்டை ஐஆர்க்யூ என்பார்கள். குறுக்கிட்டு அழைக்கும் கோடு என்று மாணவர்களிடம் சொன்னேன். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இவ்வகைக் கோடுகள் 8 இருந்தன. 1984-இல் வந்த ஏடி மாதிரியில் 0 முதல் 15 வரை 16 ஆயின. அவற்றில் 2-ஆம் எண், இரண்டு கட்டுப்பாட்டுச் சில்லுகளை ஒன்றோடொன்று இணைக்கவே செலவாகிவிடும். மிச்சத்திலும் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு. காலங்காட்டிக்கு 0, விசைப்பலகைக்கு 1, இரண்டாம் தொடர் வாயிலுக்கு 3, முதல் தொடர் வாயிலுக்கு 4, பிளாப்பிக்கு 6, அச்சுப்பொறிக்கு 7, கடிகாரத்துக்கு 8, வன்தட்டு வரிசைகளுக்கு 14, 15. ஒலி கார்டு இருந்தால் அது வழக்கமாக 5-ஐ எடுத்துக்கொள்ளும்.

என்இ2000 வகைக் கார்டுகள் பெரும்பாலும் 3-ஆம் எண்ணுக்கு அமைக்கப்பட்டு வரும். எங்கள் கணினியின் மோடம் இரண்டாம் தொடர் வாயிலின் இடத்தில் அமைக்கப்பட்டிருந்தது. அதன் எண்ணும் 3. ஐஎஸ்ஏ முறையில் ஒரு கோட்டை இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது. 3-ஆம் கோட்டில் குறிப்பு வந்தால், அழைத்தது மோடமா கார்டா என்று கணினியால் தெளிவாகப் பிரித்தறிய இயலாது.

கம்பம் பள்ளத்தாக்கில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரே மடையில் இரண்டு வயலுக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் முறை எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "சண்டை வரும்" என்றார்கள். வாய்க்காலில் உடைப்பா, வயலில் குறையா என்றேன். இரண்டும் இல்லை, முறை எழுதியதில்தான் தவறு என்று அவர்களே சொன்னார்கள். எண் மோதல் என்ற கருத்தை இனி விளக்க வேண்டியதில்லை என்று அப்போது தெரிந்தது.

தீர்வும் அதன் மூன்று படிகளும்

"மோடத்தைக் கழற்றிப் போட்டுட்டா முடிஞ்சது" என்றார்கள் சிலர். நடைமுறையில் அது சரியான தீர்வே. இன்று அந்த மோடத்துக்கு வேலை இல்லை. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டே சரி செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் நமக்குப் பாடம் என்றேன்.

முதல் படி, காலியாக உள்ள எண்ணைக் கண்டறிவது. டிவைஸ் மேனேஜரில் கம்ப்யூட்டர் என்ற தலைப்பின் பண்புகளைத் திறந்தால், எந்த எண் யாரிடம் உள்ளது என்ற முழுப் பட்டியலும் கிடைக்கும். மாணவர்கள் அதை நோட்டில் எழுதினார்கள். 10 காலியாக இருந்தது.

இரண்டாம் படி, கார்டின் எண்ணை மாற்றுவது. இந்தக் கார்டு தன் எண்ணைத் தன்னிடமுள்ள சிறிய நினைவகத்தில் வைத்திருக்கும். அதை மாற்றும் நிரல் கார்டோடு வந்த பிளாப்பியில் இருந்தது. கணினியை எம்எஸ்-டாஸ் நிலையில் மறுதொடக்கம் செய்து அந்த நிரலை இயக்கி 3-ஐ 10 ஆக்கினோம். கார்டுக்கு இன்னொரு எண்ணும் உண்டு. செயலி அதனுடன் தரவைப் பரிமாறிக்கொள்ளும் முகவரி அது. பதினாறடிமான முறையில் 300 என்று இருந்தது. அதனோடு மோதும் கருவி எதுவும் இல்லாததால் அதைத் தொடவில்லை.

மூன்றாம் படி, மாற்றத்தை மற்றவர்களுக்குத் தெரிவிப்பது. கார்டு 10 என்று முடிவு செய்தால் போதாது. விண்டோஸும் அதையே நம்ப வேண்டும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் வளங்கள் பக்கத்துக்குப் போய், தானியங்கி அமைப்பை நீக்கி 10 என்று கொடுத்தோம். முரண்படும் கருவி எதுவும் இல்லை என்ற செய்தி கீழே வந்தது. பயாஸ் அமைப்பிலும் 10-ஆம் எண்ணைப் பழைய ஐஎஸ்ஏ கார்டுக்கென ஒதுக்கினோம். இல்லாவிட்டால் பயாஸ் அதை வேறொரு பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

கணினி மீண்டும் எழுந்தபோது வியப்புக்குறி இல்லை. மோடமும் பதில் தந்தது. மடிக்கணினியில் பிங் கொடுத்ததும் நான்கு பதில்கள் வரிசையாக வந்தன. கோப்பு அனுப்பும் வேலையை மாணவர்கள் அன்றே முடித்தார்கள்.

ஒரு குறிப்பு: பிங் சோதனையைப் புதிய கணினியிலிருந்து பழையதை நோக்கிச் செய்வது நல்லது. புதிய விண்டோஸில் உள்ள பயர்வால், வெளியிலிருந்து வரும் பிங் அழைப்புக்குப் பதில் தராமல் தடுக்கலாம். அப்போது நல்ல இணைப்பும் பழுதாகத் தெரியும்.

வேண்டுமென்றே ஒரு மோதல்

கற்றது நிலைத்ததா என்று அறிய, அடுத்த வகுப்பில் நானே ஒரு முரணை உருவாக்கினேன். மடிக்கணினிக்கு 192.168.1.2 என்ற ஐபி முகவரி இருந்தது. பழைய கணினிக்கும் அதையே கொடுத்து மறுதொடக்கம் செய்தேன். முகவரி முரண் உள்ளது என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. அதே முகவரியை வைத்திருக்கும் மற்றொரு கணினியின் வன்பொருள் முகவரியும் அதில் இருந்தது.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் பழைய எண், புதிய எண் என இரண்டு கதவு எண்கள் உண்டு. ஒரு வீட்டின் பழைய எண்ணே பக்கத்து வீட்டின் புதிய எண்ணாக இருந்தால் கடிதம் எங்கே போகும்? ஐபி முகவரி மோதலும் அத்தகையதே. ஐபி முகவரி நாம் கொடுப்பது, மாற்றக்கூடியது. வன்பொருள் முகவரியோ கார்டைத் தயாரித்தபோதே இடப்படுவது. 12 பதினாறடிமான இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் 6 இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும்.

மாணவர்கள் எச்சரிக்கையில் இருந்த 12 இலக்கங்களை எழுதிக்கொண்டார்கள். மடிக்கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்து அதன் வன்பொருள் முகவரியோடு ஒப்பிட்டு, மோதுவது எது என்று அவர்களே கண்டறிந்தார்கள். இம்முறை யாரும் "பார்ட் போச்சு" என்று சொல்லவில்லை. "யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்று கேட்டார்கள்.

ஐஆர்க்யூ மோதல் இன்றைய கணினிகளில் அரிது. கோடுகளைப் பகிரவும் தானாகப் பிரித்துக் கொடுக்கவும் வழிகள் வந்துவிட்டன. ஆனால் ஐபி மோதல் இன்றும் உண்டு. அலுவலக அச்சுப்பொறி திடீரென அச்சிட மறுத்தால், அதன் முகவரியை வேறொரு கருவி எடுத்துக்கொண்டதா என்று பார்ப்பது நல்லது. முகவரிகளை ரவுட்டரே தானாக வழங்கும்படி விடலாம். கையால் கொடுக்க வேண்டிய கருவிகளுக்கு, ரவுட்டர் வழங்கும் எல்லைக்கு வெளியே உள்ள எண்களைக் கொடுத்து ஒரு தாளில் எழுதி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

மதிப்பீடும் தொடக்க வகுப்புகளும்

வளரறி மதிப்பீட்டுக்கு இந்த அட்டவணையே போதும். பழுதைக் கண்டுபிடித்தாரா என்பதற்கு மதிப்பெண் தர வேண்டாம். எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதினாரா, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாரா, எதிர்பார்த்தது நடக்காதபோது அதை மறைக்காமல் எழுதினாரா என்ற மூன்றையும் பாருங்கள். தவறிப்போன ஊகத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் மாணவர்கள் துணிந்து ஊகிப்பார்கள். பழைய கணினி கிடைக்காத பள்ளிகளில் இரண்டு மின்கலங்கள், இரண்டு விளக்குகள், ஒரு சாவி கொண்ட மின்சுற்றை வைத்தும் இதே அட்டவணையை நடத்தலாம். ஒரு மின்கலத்தைத் திருப்பி வைத்துவிட்டு ஏன் எரியவில்லை என்று கேளுங்கள். அங்கும் எல்லாப் பாகங்களும் நல்லவையே.

தொடக்க வகுப்புகளில் கணினியே தேவையில்லை. குழந்தைகளுக்கு எண் அட்டைகள் கொடுத்து, அழைத்த எண்ணுக்கு உரியவர் எழுந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விளையாடுங்கள். இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் ஒரே எண்ணைக் கொடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பெயர் சொல்லும்போது எதுவும் புரியாது. யார் மேல் தவறு என்று கேளுங்கள். முதலில் ஒருவரையொருவர் காட்டுவார்கள். சற்று நேரத்தில் அட்டையைக் காட்டுவார்கள். அந்த இரண்டாவது விடைக்காகக் காத்திருப்பதுதான் ஆசிரியரின் வேலை.